இசை அரங்கில் எதிர்ப்புக் குரல்: வாசிப்புக்கு நடுவிலா, முன்பா?

2011 செப்டம்பர் 1, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். இசை நடத்துநர் சுபின் மேத்தா இஸ்ரேல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்துகிறார். பாலஸ்தீன ஆதரவாளர்கள் வாசிப்புக்கு நடுவே கூச்சலிட, பிபிசி வானொலி நேரலையையே நிறுத்தியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசிக்கும் கையைத் தடுப்பதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 2014 அக்டோபரில் ஓர் இசை அரங்கில் நடந்ததைத்தான் நான் ஏற்பேன். பக்கத்து ஊரான ஃபெர்குசனில் கறுப்பின இளைஞன் மைக்கேல் பிரவுன் போலீஸ் குண்டுக்குப் பலியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இடைவேளை முடிந்து ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் இரங்கல் இசை தொடங்கும் முன், டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்கள் இருக்கைகளிலிருந்து எழுந்து அவனுக்காகப் பாடினார்கள். மாடத்திலிருந்து பதாகைகள் இறங்கின. அப்புறம் அவர்களாகவே வெளியேறினார்கள். மேடையிலிருந்த கலைஞர்கள் சிலரும் கைதட்டினார்கள். பிறகு பிராம்ஸ் ஒலித்தது.