நடுத்தாள் இருக்கிறதா? பழைய திகில் காமிக்ஸோடு ஏழு வருடங்கள்

பழைய அமெரிக்கத் திகில் காமிக்ஸ் சேர்க்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. இருநூற்றுச் சொச்சம் இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் அடுத்தவரிடம் பெருமையாக எடுத்துக் காட்டக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் ஓரம் கிழிந்தது, முதுகு வெடித்தது, யாரோ ஒரு பையன் ஐம்பது வருடத்துக்கு முன்னால் அட்டையில் தன் பெயரைப் பேனாவால் எழுதி வைத்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும் அந்த மாதிரி இதழ்களைத்தான் சிபாரிசு செய்வேன். ஒரே நிபந்தனை, பக்கங்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

இது முதல் இதழிலேயே சூடுபட்டுத் தெரிந்துகொண்டது. எழுபதுகளில் வந்த ஒரு கதைத்தொகுப்பு. விற்றவர் அனுப்பிய படத்தில் அட்டை பளபளவென்று இருந்தது. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. வந்த அன்று இரவே படிக்க உட்கார்ந்தேன். வாடகை வீட்டுக்குக் குடிவந்த ஒருவனுக்குத் தினமும் இரவில் தரைப்பலகைக்குக் கீழே யாரோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. பதினான்காம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கடப்பாரையை விட்டுப் பலகையை நெம்புகிறான். பக்கத்தைப் புரட்டினால் கடல், கப்பல், தாடிக்கார மாலுமி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி எண்ணிப் பார்த்தபோதுதான் நான்கு பக்கம் குறைவது தெரிந்தது.

அந்தக் காலத்து இதழ் பெரும்பாலும் அட்டை நீங்கலாக 32 பக்கம். எட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்திருப்பார்கள். நட்டநடுத் தாளில் 15 முதல் 18 வரையான பக்கங்கள். பின் துருப்பிடித்தாலோ, துளை பெரிதானாலோ முதலில் கழன்று விழுவது அதுதான். விற்றவரிடம் கேட்டதற்கு, "பழசு என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். சரி, அதோடு விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அட்டைப்படத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். நடுத்தாள் இரண்டு பின்னிலும் பிடித்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. நடுப்பக்கத்தை விரித்து ஒரு படம் கேட்பேன். எங்காவது கத்தரி பட்டிருக்கிறதா என்பது அடுத்தது. விளம்பரக் கூப்பன்களை வெட்டி அனுப்பிய பிள்ளைகள் எக்கச்சக்கம். போதாக்குறைக்கு 1974 முதல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொல்லி ஒரு ஸ்டாம்பு வேறு அச்சடித்தது. அதற்காகவே சதுரமாக ஜன்னல் வைத்த இதழ்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முன்னட்டையும் பின்னட்டையும் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

எந்தக் காலத்து இதழிலிருந்து ஆரம்பிப்பது? எல்லோருக்கும் முதல் ஆசை ஈசி (EC) என்ற பதிப்பகத்தின் காமிக்ஸ் மேல்தான் வரும். எனக்கும் வந்தது. 1950-ல் தொடங்கிய டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், த வால்ட் ஆஃப் ஹாரர், த ஹான்ட் ஆஃப் ஃபியர் என்ற மூன்று இதழ்களும் இந்த வகைக்கே இலக்கணம் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்ல ஒரு கிழடு. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜோக் அடிக்கும். அழுகி ஒழுகும் பிணங்களை வரைவதில் கிரஹாம் இங்கெல்ஸை மிஞ்ச ஆளில்லை. கோரம் என்ற பொருளில் 'காஸ்ட்லி' (Ghastly) என்றே கையெழுத்துப் போடுவார். தமிழில் படித்தால் விலையைச் சொல்வது போல இருக்கிறது, அதுவும் பொய்யில்லை.

விலை ஏறியதற்குக் காரணம் உண்டு. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் போர்க்கொடி பிடித்தார். 1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணையே நடத்தியது. ஈசியின் பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் முன்னால், வெட்டிய பெண் தலையைக் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டையை நீட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். திகில் இதழுக்கு நல்ல ரசனைதான் என்று மனிதர் அசராமல் சொல்லிவிட்டார். அந்த ஆண்டே காமிக்ஸ் பதிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் ஹாரர், டெரர் என்ற சொற்களே வரக்கூடாது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் கூடாது. கடை விரித்த ஐந்தாவது வருடத்தில் ஈசியின் திகில் இதழ்கள் மூடுவிழா கண்டன. மொத்தமே அவ்வளவு குறைவாக வந்ததால்தான் இவ்வளவு கிராக்கி.

ஈசி அசல் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பின்னட்டை கிடையாது, ஓரங்கள் வறுத்த அப்பளம் மாதிரி உதிர்கின்றன. அதை நான் படிப்பதில்லை. படிக்க 1990-களின் மறுபதிப்புகள் இருக்கின்றன. அவற்றிலும் அதே அட்டைப்படம்தான் என்பதால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. அட்டையில் விலையைப் பாருங்கள். அசலில் பத்து சென்ட். மறுபதிப்பில் டாலர் கணக்கு. உள்ளே பொடி எழுத்தில் பதிப்பு விவரமும் இருக்கும்.

என் கணக்கில் புதியவருக்கு ஏற்ற காலம் எழுபதுகள். 1971-ல் தணிக்கை விதியைத் தளர்த்தி, பழைய இலக்கிய மரபில் வந்தால் ரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பாவம், ஸோம்பிக்கு மட்டும் இலக்கியப் பரம்பரை இல்லையாம். மார்வெல்காரர்கள் அதை 'ஸுவெம்பி' என்று பெயர் மாற்றி உள்ளே விட்டார்கள்.

மார்வெலின் த டூம் ஆஃப் டிராகுலா 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள். எழுபதுக்கும் பென்சில் ஓவியம் ஜீன் கோலன் ஒருவரே. அவருடைய நிழலும் புகையும் அந்த மட்டமான காகிதத்தில் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. 10-ஆம் இதழில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பிளேட் முதன்முதலாக வருவதால் அதன் விலையே தனி. அதை விட்டுவிட்டு மற்றவற்றைச் சேர்க்க ஆரம்பிக்கலாம். என்னிடம் 52 இருக்கின்றன. ஒரே தொடரைத் துரத்தினால் வாங்கும்போது ஒரு ஒழுங்கு வரும். முதல் வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிய எனக்கு அந்த ஒழுங்கு தேவைப்பட்டது.

டிசி (DC) பதிப்பகத்தின் ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி இன்னொரு நல்ல வாசல். ஈசியில் வரைந்த ஜோ ஒர்லாண்டோ 1968-ல் ஆசிரியராக வந்து அதை மறுபடி திகில் பக்கம் திருப்பினார். அப்போதைய காமிக்ஸ்களில் கிரீடம் வைத்த 'கடல் குரங்கு'க் குடும்பம் சிரிக்கும் ஒரு விளம்பரம் வரும். அதை வரைந்தவரும் ஒர்லாண்டோதான். பணம் கட்டிய பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது பொடி இறால் மாதிரியான ஒரு ஜந்து. திகில் கதைகளைவிட இது பெரிய திகில் என்பேன்.

வாரன் நிறுவனத்தின் க்ரீப்பி (1964) கருப்புவெள்ளையில் பத்திரிகை அளவில் வந்ததால் காமிக்ஸ் தணிக்கை விதி அதைத் தொடவில்லை. அளவு பெரிது, சாதாரண காமிக்ஸ் உறைக்குள் போகாது. சார்ல்ட்டன் என்ற பதிப்பகத்தின் இதழ்கள் சொந்த அச்சகத்தில் ஏனோதானோ என்று அடித்தவை, வண்ணம் கோட்டைத் தாண்டி நிற்கும். ஆனால் உள்ளே ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ வரைந்திருப்பார். அதற்காகவே வாங்கலாம்.

பராமரிப்பில் நான் செய்யாத தப்பு கிடையாது. இரண்டாவது வருடம், கிழிந்த முதுகு ஒன்றுக்கு சாதாரண செலோடேப் ஒட்டினேன். இப்போது டேப் மஞ்சளாகிச் சுருண்டு நிற்கிறது. அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போலப் பரவியிருக்கிறது. இன்னொரு முறை, உறையின் மூடியில் ஒட்டியிருந்த டேப், இதழை வெளியே இழுக்கும்போது அட்டையில் பட்டுவிட்டது. 'சர்ர்' என்று ஒரு சத்தம்தான். டிராகுலாவின் மேலங்கியில் ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம் டேப்பை உறையின் பின்பக்கமே ஒட்டுகிறேன். எடுக்கும்போது முழுசாகக் கழற்றிவிடுகிறேன்.

பாலிப்ரோப்பிலீன் உறைகள் முதலில் கண்ணாடி மாதிரி இருந்தன. ஐந்தாவது வருடம் எடுத்துப் பார்த்தபோது பாதி உறைகள் நெளிந்திருந்தன, சில பால் நிறமாகியிருந்தன. பழுப்பேறாமல் இருந்த சில இதழ்களை மட்டும் மைலார் என்ற பாலியெஸ்டர் உறைக்கு மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மைலார் போட்டால் இதழைவிட உறை விலை அதிகமாகிவிடும். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். செய்தித்தாள் காகிதம் தன் அமிலத்தாலேயே தன்னைத் தின்றுகொள்கிறது. வெளிச்சமும் சூடும் அதற்கு விருந்து.

வாசனையையும் நம்பலாம். லேசான இனிப்பு கலந்த பழைய காகித மணம் சாதாரணம். ஈரத்துணி வாடை வந்தால் பூஞ்சை, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். புதிதாக வரும் எதுவும் என் வீட்டில் ஒரு மாதம் தனி டப்பாவில்தான். ஒருமுறை அதில் ராமபாணப் பூச்சி ஒன்று சாவகாசமாக நடந்து வந்ததைப் பார்த்த பிறகு வந்த வழக்கம் இது.

தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரும் சிஜிசி நிறுவனம் 2000-ல் வந்தது. அரைப் புள்ளியில் ஆரம்பித்துப் பத்து வரை மதிப்பெண். பெரிய விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அது பாதுகாப்புதான். ஓரத்தை வெட்டிச் சீராக்கியதையும், வண்ணம் தொட்டு ஏமாற்றியதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். நானும் ஒன்று வாங்கினேன். படிக்க வேண்டுமென்றால் பெட்டியை உடைக்க வேண்டும். ஆறு மாதம் அலமாரியில் வைத்துப் பார்த்துவிட்டு விற்றுவிட்டேன்.

போன மாதம் ஒரு கட்டு கிழிசல் இதழ்கள் வாங்கினேன். உள்ளே அட்டையே இல்லாத ஒன்று. புரட்டினால் அதே வாடகை வீடு, அதே கடப்பாரை. இதில் நடுத்தாள் இருந்தது. பலகைக்குக் கீழே கிடந்தது அந்தக் குடித்தனக்காரனேதான். அவன் செத்துப் பல நாளாகிறது, தட்டிக்கொண்டிருந்தது அவன் உடல். ஏழு வருடம் காத்திருந்ததற்கு முடிவு கொஞ்சம் சுமார்தான். அந்தத் தாளை எடுத்துப் பழைய இதழில் பொருத்தினால் ஒரு முழு இதழ் கிடைக்கும், நாலு பேர் செய்கிற வேலைதான். எனக்கு மனசு வரவில்லை. அட்டை உள்ளதையும் அட்டை இல்லாததையும் ஒரே உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.