‘தி ஹார்டர் தே கம்’: படமும் டிஸ்க்கும், ரெஸ்பான்ஸ் எழுதப் போகிறவர்களுக்கு

விஸ்காமில் (விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பில்) உலக சினிமாவுக்கு ரெஸ்பான்ஸ் பேப்பர், அதாவது பார்த்த படத்தைப் பற்றி நம் கருத்தை எழுதும் கட்டுரை, கேட்டால் சென்னையில் பாதிப் பேர் ஈரான், ஜப்பான், பிரான்ஸ் என்று அதற்குள்ளேயே சுற்றி வருகிறோம். கரீபியன் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம். 1972இல் வந்தது. இயக்கம் பெர்ரி ஹென்செல், நாயகன் பாடகர் ஜிம்மி கிளிஃப். ஜமைக்காக்காரர்கள் தங்கள் ஊரிலேயே எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நாயகன் நிற்கும் போஸ்டரைப் பார்த்துவிட்டு கேங்ஸ்டர் படம் என்று உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் கடுப்பாகும். துப்பாக்கி ரொம்ப லேட்டாகத்தான் வெடிக்கிறது. அதுவரை ஓடுவது முழுக்கப் பணக் கணக்கு. யார் உழைத்தது, யார் கைக்கு எவ்வளவு போனது, நடுவில் யார் வெட்டிக்கொண்டது என்பதுதான் கதை.

நாயகன் ஐவன் கிராமத்திலிருந்து பஸ் ஏறி தலைநகர் கிங்ஸ்டன் வருகிறான். வந்த அன்றே தள்ளுவண்டிக்காரன் மூட்டையோடு கம்பி நீட்டிவிடுகிறான். வேலை கிடைக்காமல் ஒரு பாதிரியாரிடம் ஒண்டுகிறான். சைக்கிள் தகராறில் ஒருவனைக் கீறியதற்குக் கோர்ட்டில் கிடைக்கும் தண்டனை, புளிய விளாறால் அடி. காலனி காலத்துச் சட்டம், சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆன நாட்டில். படத்திலேயே பார்க்கக் கஷ்டமான இடம் இதுதான்.

அடுத்து வரும் ஸ்டுடியோ காட்சியை இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். தலைப்புப் பாட்டை ஐவன் பாடி முடிக்கிறான். முதலாளி ஹில்டன் காகிதத்தை நீட்டுகிறார்: இருபது டாலர், கையெழுத்துப் போடு. ஐவன் மறுத்துவிட்டு, தானே விற்கிறேன் என்று கிளம்புகிறான். ரேடியோவிலும் சரி, கடைகளிலும் சரி, ஹில்டன் சொல்லாமல் யாரும் ரெக்கார்டைத் தொட மாட்டார்கள். திரும்பி வந்து அதே இருபதுக்குக் கையெழுத்துப் போடுகிறான். வில்லன் சிரிப்போ மிரட்டலோ கிடையாது, ஆபீஸ் வேலை மாதிரி நடந்து முடிகிறது. பிறகு கஞ்சா கடத்தப் போனால் அங்கேயும் இதே ஏற்பாடு. வண்டி ஓட்டுகிறவனுக்குச் சில்லறை, இடைத்தரகன் ஹோசேக்குக் கமிஷன், போலீஸுக்குப் பங்கு. இந்தக் கணக்கு ஏன் இப்படி என்று ஐவன் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் படத்தில் துப்பாக்கி வருகிறது. ரெஸ்பான்ஸ் எழுத இந்த இரண்டு பேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இரண்டு பக்கம் தேறும்.

இனி பார்க்கும் விதம். 16 எம்எம்மில் எடுத்து 35 எம்எம்முக்குப் பெரிதாக்கிய படம், அதனால் திரையில் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிப் புள்ளிகள், நன்றாகத் தெரியும். அது டிஸ்க்கின் கோளாறு இல்லை. டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கையும் நாய்ஸ் ரிடக்ஷனையும் அணைத்துவிட்டு, விவிட் மோடிலிருந்து மூவி மோடுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கும். ஒலி மோனோ. சவுண்ட்பாரில் சரவுண்ட் எஃபெக்ட் போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும், ஸ்டீரியோவிலேயே விடுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். படத்தில் வரும் ஜமைக்க இசையான ரெகேயில் பாட்டைத் தூக்கிப் பிடிப்பது பேஸ் கிதார், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அதுதான் முதலில் காணாமல் போகும். நல்ல ஹெட்ஃபோன் போதும்.

சப்டைட்டில் கட்டாயம். பேசுவது ஜமைக்கப் பேச்சுமொழி. அமெரிக்காவில் வெளியானபோதே ஆங்கில சப்டைட்டிலோடுதான் ஓட்டினார்கள். நமக்கு ஆங்கிலம் வரும் என்று வீம்பு பிடித்தால் மேலே சொன்ன பேரங்களில் பாதி போய்விடும்.

டிஸ்க் வாங்குவதாக இருந்தால், ஷவுட் ஃபேக்டரி 2019இல் போட்ட மூன்று டிஸ்க் ப்ளூரே செட்டைத் தேடுங்கள். ஹென்செலின் இரண்டாவது படமும் அதில் இருக்கிறது. ஒரு சிக்கல்: அமெரிக்க ப்ளூரே மண்டலம் ஏ, இந்தியா மண்டலம் சி. நம்மூரில் வாங்கிய சாதாரண பிளேயரில் டிஸ்க் சுழலும், படம் வராது. மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் கைவசம் இருந்தால் மட்டும் காசைப் போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கும்போது ‘மல்டி ரீஜன்’ என்று மட்டும் கேட்காதீர்கள். டிவிடிக்கு மட்டும் பூட்டு திறந்த பிளேயரையும் அந்தப் பெயரில்தான் விற்பார்கள். ஏ மண்டல ப்ளூரே ஓடுமா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பேப்பரில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடலாம். ரெகே என்றதும் பாப் மார்லியை நுழைக்காதீர்கள், இந்தப் படத்தில் அவர் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ‘உண்மைக் கதை’ என்றும் மொட்டையாக எழுதாதீர்கள். ஐவன் பாத்திரத்துக்கு மூலம், ரைகிங் என்ற பெயரில் போலீஸைத் திணறடித்த ஐவன்ஹோ மார்ட்டின். அவன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டவன். அவன் பாடகன் இல்லை, ரெக்கார்டு வியாபாரம் முழுக்கப் படத்தில் சேர்த்தது. வட சென்னை கானாவோடு ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒப்பிடலாம், ஆனால் ஏரியா, ஏழ்மை, இசை என்ற மூன்று சொல்லோடு நிறுத்தினால் மார்க் வராது. பாட்டின் உரிமை யார் கையில் போகிறது என்பது வரை எழுத வேண்டும்.

குறையும் உண்டு. ஐவனின் காதலி எல்சாவுக்குப் பாதிப் படத்துக்கு மேல் வேலையே இல்லை, அவள் எடுக்கும் கடைசி முடிவு அதனால் அவசரமாகத் தெரிகிறது. நிர்வாணக் காட்சிகள் இருப்பதால் வகுப்பில் போடுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டிஸ்க் கிடைக்காதவர்கள் பாட்டு ஆல்பத்தையாவது கேளுங்கள். பன்னிரண்டு டிராக், ஆறு கிளிஃபுடையது. தலைப்புப் பாட்டும் முதல் பாட்டும் கடைசியில் மறுபடி வருவது கொஞ்சம் இட்டுநிரப்பல்தான். மேட்டல்ஸ் குழு பாடும் இரண்டுக்காகவும் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ பாட்டுக்காகவும் மன்னித்துவிடலாம்.