மீட்புப் பறவைக் காட்சிக்கு எந்த லென்ஸ்: 70-200ஆ, 150-600ஆ?

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பருந்து படம் எடுக்கும் நண்பர்கள் பலரிடமும் 150-600 ஜூம்தான் இருக்கிறது (எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மி.மீ.யில்; எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், படத்தில் அடங்கும் இடம் குறையும்). இங்கிலாந்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பியபோது, அங்கே காப்பகங்கள் தாங்கள் மீட்டு வளர்க்கும் பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்டும் மீட்புப் பறவைக் காட்சிக்கும் அதையே எடுத்துப்போகச் சொன்னார்கள். நான் 70-200 எஃப்2.8 வாங்கிக்கொண்டு போனேன். மறுபடி போனாலும் அதைத்தான் எடுத்துப்போவேன்.

அடிபட்டோ, மனிதர் கையிலேயே வளர்ந்தோ காட்டுக்குத் திரும்ப முடியாமல் போன பறவைகள்தான் அந்தக் காட்சியில் பறக்கும். நம் ஊரில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்க முடியாது. பருந்தையும் ஆந்தையையும் பிடித்து வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.

எடை பெரிய விஷயமில்லை. 70-200 ஏறக்குறைய ஒன்றரை கிலோ, 150-600 இரண்டு கிலோ. முடிவு செய்ய வேண்டியது தூரத்தை வைத்துத்தான். அணையில் பறவை நம்மை விட்டு விலகியே இருக்கும். காட்சியிலோ பயிற்சியாளர்கள் கூட்டத்தின் இரு பக்கமும் நிற்க, பறவை ஒருவர் கையுறையிலிருந்து இன்னொருவர் கையுறைக்கு நம் தலைக்கு மேலேயே பறந்து போகும். ஐந்து மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 150 மி.மீ.க்கு அகலவாக்கில் சுமார் 78 செ.மீ. இடம்தான் படத்தில் அடங்கும். கூகை இறக்கையை விரித்தால் 80 செ.மீ.க்குக் குறையாது, ஹாரிஸ் பருந்துக்கு ஒரு மீட்டருக்கு மேல். அதாவது அந்த லென்ஸின் மிக அகலமான நிலையிலேயே இறக்கை நுனி வெட்டுப்படும். 70 மி.மீ.யில் 1.68 மீட்டர் கிடைக்கிறது. பறவை கொஞ்சம் விலகினாலும் படத்துக்குள்தான் இருக்கும், அப்புறம் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். வெட்டுப்பட்ட இறக்கையை யாராலும் ஒட்ட முடியாது.

அடுத்தது வெளிச்சம். நான் போன அன்று மேகமூட்டம். இறக்கையடி உறைய வேண்டுமானால் 1/2000 நொடி வேண்டும். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்; 150-600 அதன் அகலமான நிலையிலேயே எஃப்5தான். எஃப்2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு, கூடினால் படத்தில் புள்ளிகள் தெரியும்) 800 போதும் என்றால் எஃப்5-க்கு 2500 வரை ஏற்ற வேண்டும். பின்னால் உள்ள வேலியும் ஜனங்களும் மங்கிப்போவதும் எஃப்2.8-இல்தான் நன்றாக இருக்கும். கூரைக்குள் நடக்கும் காட்சியை நான் எடுத்ததில்லை. அங்கே இந்த வித்தியாசம் இன்னும் கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

150-600 ஜெயிப்பது தூரத்துக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் முகத்துக்கு. காலில் கட்டிய தோல்வார் தெரியாமல் கண்ணையும் அலகையும் மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் படத்தைப் போடும்போது காப்பகப் பறவை என்று கட்டாயம் எழுதுங்கள். காட்டில் எடுத்ததுபோலக் காட்டுவது அந்தப் பறவைக்கும் அதைக் காப்பாற்றியவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

சரி, ஊருக்கு வந்தபிறகு? செம்பருந்து கரைக்குப் பக்கத்தில் தாழ இறங்கினால் 200 மி.மீ. ஓரளவு சமாளிக்கிறது. பனிக்காலத்தில் வரும் விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்ப்ரே) தண்ணீருக்கு நடுவில் மீன் பிடித்தால், குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் கன்வர்ட்டர் போட்டாலும் 280தான், போதாது. அந்த நாட்களுக்கு மட்டும் பெங்களூரில் 150-600 வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.