சுங்கை சிப்புட் வாகனப் பயிற்சி மையம்: பிரேக்கில் தேர்ச்சி, வயரிங்கில் குறை

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன்கள் கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, போர்மேனின் கையைப் பார்த்தே தொழில் பழகுவது நெடுநாள் வழக்கம். அந்த வழியில் வேலை வரும், சான்றிதழ் வராது. ஊருக்குள் இருக்கும் இந்தத் தனியார் மையம் இலகுரக வாகனப் பராமரிப்பில் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழின் இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்குப் பயிற்சி தருகிறது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு எங்கள் பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் இங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்து சேர்க்க வேண்டும்.

இந்த மையத்தின் பலம் பிரேக் பாடம். சக்கரத்தைக் கழற்றி, பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை) மாற்றி, மூடிவிடும் வேலையை இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அடுத்து டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை) வைத்து டிஸ்க்கைச் சுழற்றி ஆட்டம் பார்க்கிறார்கள். 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பிரேக் மிதித்தால் பெடல் துடிக்கிறது என்று வரும் காருக்குப் பேடு மட்டும் மாற்றி அனுப்பினால், அதே புகாரோடு அது திரும்பி வரும். பல நேரம் கோளாறு டிஸ்க்கில்கூட இருக்காது, அதற்குப் பின்னால், டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் படிந்த துருவில் இருக்கும். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி மறுபடி அளந்தால் முள் ஆடுவது குறையும். மாணவன் அதைத் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறான்.

பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் வேலையிலும் அதே கண்டிப்பு. கழற்றிய காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்க விடக் கூடாது, கம்பியால் சுருள் ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மட்டம் பார்க்க வேண்டும். விளிம்பு வரை இருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கடைசியாக, காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை விட்டால் முதல் மிதிக்கு பிரேக்கே பிடிக்காது. மிதித்துக் காட்டாத மாணவனுக்கு ஆசிரியர் சாவி தருவதில்லை. நல்ல பழக்கம்!

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் எண்களோடு சொல்லித் தருகிறார்கள். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கேமரன் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் காரில், எண்ணெய் சூடாகிக் கொதித்துப் பெடல் ஏன் மெத்தென்று போகிறது என்பது அப்போது புரியும்.

நட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்ச் பயிற்சியும் திருப்தி. சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் போதும். காற்றழுத்தக் கன் போட்டு கண்டபடி இறுக்கிவிட்டால் போல்ட் நீண்டு மரை போய்விடும். கருப்பெண்ணெய் (இன்ஜின் எண்ணெய்) இறக்கும் பிளக்கை மிகையாக முறுக்கினால் அலுமினியச் சட்டியின் மரையும் அப்படித்தான் கெடும். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடச் சொல்கிறார்கள், சரி.

இனி குறை. மின்சாரப் பாடம் பேட்டரியோடு நின்றுவிடுகிறது. இன்ஜின் நிறுத்தி ஆறியபின் 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் பொதுவாக ஆல்டர்னேட்டர் சரி. இதோடு சரி. எர்த் வயரில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்கும் பயிற்சி, ஸ்டார்ட் ஆகாத காருக்கு முதலில் செய்ய வேண்டியது, பெயரளவுக்குத்தான் இருக்கிறது. காரணம் எளிது: பல மாணவர்களுக்கு ஒரே மல்டிமீட்டர். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரிலும் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், யோசிக்கச் சொல்லித் தருவதில்லை. பி0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் பொருள், ஆக்சிஜன் சென்சார் கெட்டது என்றல்ல. முதலில் பார்க்க வேண்டியது வெடித்த வேக்குவம் ஹோஸ்.

பயிற்சி இன்ஜின்களில் கார்ப்பரேட்டர் காலத்தவை இன்னும் நிற்கின்றன. பெரோடுவா 2021-இல் அதிவாவிலும் பிறகு மைவியிலும் சி.வி.டி. என்னும், படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்பெட்டியைக் கொண்டுவந்துவிட்டது. அதில் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பெட்டியே பாழாகும். இந்தப் பாடத்துக்கு இங்கே ஒரு வெட்டுமாதிரிகூட இல்லை. புரோட்டோன் 2024 இறுதியில் மின்சாரக் காரும் விற்கத் தொடங்கிவிட்டது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடக்கூடாது என்ற சுவரொட்டியைத் தாண்டிப் பயிற்சி வர வேண்டும்.

பதியும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பாடத்துக்கும் நிலைக்கும் தனித்தனியே தரப்படுகிறது. இரண்டாம் நிலைக்கு இருப்பது மூன்றாம் நிலைக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பி.டி.பி.கே. (திறன் மேம்பாட்டு நிதிக் கழகம்) தரும் நிதி உதவித்தொகை அல்ல, கடன். திருப்பிக் கட்ட வேண்டும். ஏற்கெனவே பட்டறையில் பல வருடம் உழைத்தவர் வகுப்புக்கே போகாமல், வேலைச் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து முன் அனுபவ அங்கீகார முறையில் எஸ்.கே.எம். பெற வழி இருக்கிறது.

சேர்ந்தவர்கள் தொழிற்பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை வேண்டும் என்று கேட்காதீர்கள். சி.வி.டி. எண்ணெய் மாற்றும், வயரிங் வரைபடம் பார்த்து வேலை செய்யும் பட்டறை ஈப்போவில் கிடைத்தால் பஸ் செலவைப் பார்க்காமல் அங்கே போங்கள்.