சொந்த மனையா, வாரிய பிளாட்டா, வாடகை வீடா: காவிரி டெல்டாவில் எது வேலையைக் காப்பாற்றும்?

அரசு வீட்டுக்கு மனு எழுத என்னிடம் வருகிறவர்கள் எத்தனை சதுர அடி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கே போனால் வேலை என்னவாகும் என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

கூலி வேலைக் குடும்பங்களுக்கு என் முதல் ஓட்டு சொந்த மனைக்கு. பண்ணையாள் காலத்தில் குடிசை மிராசுதார் நிலத்தில் இருந்தது. வேறொருவர் வயலுக்கு வேலைக்குப் போனால் குடிசையைக் காலி செய் என்பார்கள். 1971-இல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. மனை சொந்தமானவர் கூலி பேசலாம், பிடிக்காவிட்டால் பக்கத்து ஊருக்குப் போகலாம். 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் என்ற அரசு வீட்டுத் திட்டமும் மனை உள்ளவருக்குத்தான்: 360 சதுர அடி வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய். கோயில் அடிமனையிலும் ஆற்றங்கரைப் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் இங்கே ஏராளம்; அவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. பணமும் போதாது. மிச்சத்துக்குக் குழுக் கடன் வாங்கிவிட்டு, வாரத் தவணை கட்ட திருப்பூருக்கு ரயில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் ஏன் இதையே சொல்கிறேன்? அறுவடை மெஷின் வந்த பிறகு பெண்களுக்கு மிஞ்சியது நடவும் களையெடுப்பும்தான். அதற்கு ஆள் சேர்ப்பவர் முதல் நாள் இரவு தெருவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். தெருவில் இல்லாதவருக்குச் சேதி வராது. கொல்லையில் கட்டிய இரண்டு ஆடுதான் வேலை இல்லாத கோடைக்குக் கைகொடுக்கும்.

வாரிய பிளாட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வாய்க்கால் ஓரக் குடிசையில் ஐப்பசி மழையைக் கழித்தவருக்கு ஒழுகாத கூரையும் உள்ளேயே கழிப்பறையும் எவ்வளவு பெரிது! ஆனால் இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. என் சின்னம்மா டவுனில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். பிளாட்டுக்கு மாறிப் போன பிறகு முதல் பஸ்ஸே ஏழு மணிக்கு. பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, சரி. ஆறு மணிக்கு வாசல் தெளிக்க ஆள் கேட்பவர்கள் காத்திருப்பார்களா? இரண்டு வீடு கைவிட்டுப் போனது. மூன்றாவது மாடியில் ஆடு எங்கே கட்டுவது? கிராமத்திலிருந்து நகராட்சி எல்லைக்குள் போகிறவருக்கு நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலையும் போகும். பைக் வைத்திருக்கும் கொத்தனார், பெயிண்டருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் தயங்காமல் போகலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகைப் பக்கம் கடலை விட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளிலும் இதே பாடுதான். உயிருக்குப் பாதுகாப்பு உண்டு. வலையும் இன்ஜினும் வைக்க, கருவாடு காயப்போட இடம் இல்லை.

டவுனுக்குள் வாடகை, ஜவுளிக் கடைக்கும் ஓட்டலுக்கும் போகிறவர்களுக்கு மட்டும் சரிவரும். அட்வான்ஸ் திரட்ட முடிந்தால்.

பிளாட்தான் கிடைக்கிறது என்றால் கீழ்த்தளம் கேளுங்கள். சின்னம்மா இப்போது அதற்குத்தான் மனு கொடுத்திருக்கிறார். வாசலில் இட்லி விற்றால் அந்த இரண்டு வீட்டுச் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.