தட்டேக்காடா, சிங்கராஜவா?

மழைக்காட்டுப் பறவைகளை வழிகாட்டியோடு பார்க்க வேண்டும், கையில் இருப்பது ஒரே ஒரு பகல் என்பவர்களுக்கு நான் தட்டேக்காட்டைத்தான் சொல்வேன். இலங்கையின் சிங்கராஜ வனத்தையும் சுற்றியவன் நான். அந்தக் காட்டின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை உண்டு. ஆனாலும் ஒரு நாளுக்கு என்று வரும்போது என் தேர்வு தட்டேக்காடு.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தட்டேக்காடு கேரளத்தில் கோதமங்கலத்தை ஒட்டி இருக்கிறது. கொச்சியிலிருந்து காரில் இரண்டு மணி நேரப் பயணம். சிங்கராஜவுக்கு விமான டிக்கெட், விசா, கொழும்பிலிருந்து பாதிப் பகல் சாலைப் பயணம், வெளிநாட்டவருக்கான கூடுதல் நுழைவுக் கட்டணம் எல்லாம் சேரும். இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் இரண்டு இடத்திலும் உண்டு. சிங்கராஜவில் மழையும் அட்டையும் இரண்டு பங்கு.

அரிய பறவைகளின் பட்டியலை வைத்துப் பார்த்தால் சிங்கராஜவே முந்தும். செம்முகப் பூங்குயிலும் இலங்கையின் நீல மேக்பையும் உலகில் வேறெங்கும் கிடையாது. குரலை மட்டுமே வைத்துப் பல ஆண்டுகள் தேடப்பட்டு, 2001-ல் இலங்கைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட கண்ணால் கண்டு, 2004-ல் அறிவியல் பெயர் பெற்ற செரண்டிப் ஆந்தையும் இந்தக் காடுகளின் பறவைதான். தட்டேக்காட்டில் மலபார் சாம்பல் இருவாச்சி, வெண்வயிற்று வால்காக்கை என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை காத்திருக்கின்றன. இலங்கைத் தவளைவாயன் என்ற பறவை இரண்டு இடத்துக்கும் பொது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் அது எங்கும் இல்லை.

சிங்கராஜவின் பெருமை, பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் அதன் கலப்புக் கூட்டம். குடாவ வாசலிலிருந்து உள்ளே போகும் பாதை, 1970-களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டியபோது போடப்பட்டது. 1977-ல் வெட்டு நின்றது. இன்று அந்தப் பாதையில்தான் பறவை பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிகளின் சலசலப்பு முதலில் கேட்கும். கூடவே கரிச்சானின் கணீர்க் குரல். பிறகு ஒரு மரம் முழுவதும் அசையும். கூட்டம் ஒன்றில் பத்துப் பதினோரு இனங்கள், நாற்பது பறவைகள் வரை இருப்பது அங்கே சாதாரணம். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலில் கூவி அவற்றைக் கூட்டத்துக்கு இழுக்கிறது என்று சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சில நிமிடங்களில் கூட்டம் கடந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக தட்டேக்காட்டில் எதுவும் இல்லை என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கூட்டம் எப்போது வரும், எந்தத் திருப்பத்தில் வரும் என்று வழிகாட்டியாலும் சொல்ல முடியாது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார், நாமும் நடப்போம். காலையில் மழை பிடித்துக்கொண்டால் பகல் முழுவதும் சொட்டும் இலைகள்தான். இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு நாள் போகிறவருக்கு இதுதான் எல்லாம்.

தட்டேக்காடு வேறு மாதிரி. 1930-களில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி சுற்றிய காடு அது. அவர் பெயரிலேயே 1983-ல் சரணாலயம் ஆனது. பரப்பு வெறும் 25 சதுர கிலோமீட்டர். காட்டின் ஓரமெல்லாம் ஊரும் ரப்பர்த் தோட்டமும். வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்கள். எந்தப் புதரில் எந்தப் பறவை பகலில் தூங்குகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. என் தீர்ப்பு முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

தவளைவாயன் இரவுப் பறவை. பகலில் இணையாக ஒட்டி அமர்ந்து தூங்கும். பார்வைக்குக் காய்ந்த இலை. எங்கள் வழிகாட்டி சாலையோரம் காரை நிறுத்தச் சொன்னார். பிரம்புக் கொடிகளுக்குள் குனிந்து போனார், திரும்பி வந்து, "சாரே, மெதுவாக வாருங்கள், பேசாதீர்கள்" என்றார். அவர் விரல் காட்டிய இடத்தில் எனக்குச் சருகுகள் மட்டுமே தெரிந்தன. பிறகு ஒரு சருகுக்கு மீசை முளைத்தது. அலகின் மேல் விறைத்து நின்ற மயிர்கள், அகன்ற வாய், கீற்றாகத் திறந்திருந்த கண். சாம்பல் நிற ஆணும் செம்பழுப்புப் பெண்ணும் தோளோடு தோள் உரச, என் மார்பு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால். பைனாகுலர் தேவைப்படவில்லை. சிங்கராஜவிலும் இந்தப் பறவை உண்டு. அங்கே எனக்குக் கிடைத்தது குரல் மட்டும்.

இதனால் நடுப்பகலும் வீணாவதில்லை. காட்டில் பத்தரை மணிக்கு மேல் பாட்டெல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் தட்டேக்காட்டு வழிகாட்டி உறங்கும் ஆந்தைகளிடம் அழைத்துப் போவார். காலை தீக்காக்கைக்கும் இருவாச்சிக்கும், மதியம் உறங்குபவற்றுக்கும், அந்தி பக்கி என்னும் இரவுப் பறவைகளுக்கும் என்று பகல் முழுவதும் நிறைந்துவிடும்.

இந்த வசதிக்குள் ஒரு கவலையும் இருக்கிறது. தெரிந்த இடம் என்றால் தினமும் ஆள் வருவார்கள் என்றுதான் பொருள். தவளைவாயன் கட்டுவது உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சிறு கூடு. அதில் ஒரே முட்டை. அதன் எதிரில் பத்துப் பேர் கேமராவோடு நின்றால் என்ன ஆகும்? ஆகவே முன்பதிவு செய்யும்போதே வழிகாட்டியிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்கிறேன்: ஒலிபெருக்கியில் குரல் போட்டு அழைக்கக் கூடாது, படத்துக்காக இலையை ஒதுக்கக் கூடாது, கூடிருந்தால் போகவே கூடாது. நல்ல வழிகாட்டிக்கு இதைச் சொன்னால் மகிழ்ச்சி. முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்க்கிறேன். எங்களோடு வந்தவர் ஐந்து நிமிடத்தில் எங்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டார்.

சிங்கராஜவைப் பற்றி நான் சொல்வது குடாவ வாசலை மட்டும் வைத்து. தெனியாயப் பக்கத்து வாசலில் நான் நுழைந்ததில்லை. அங்கே நடந்தவர்களின் அனுபவம் மாறலாம். இரண்டு இடத்தையும் வறண்ட மாதங்களில்தான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று இரவு ஒதுக்க முடிந்தால் சிங்கராஜவுக்கே போங்கள், காட்டுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள், வாசலில் உடன் வரும் வழிகாட்டியைத் தவிர பறவை தெரிந்த ஒருவரை விடுதி வழியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு பகல்தான் என்றால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தட்டேக்காடு. முந்தின இரவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வழிகாட்டி விடியுமுன் கதவைத் தட்டுவார்.