மோட்டபிலிட்டி கார்: வீட்டில் யார் ஓட்டலாம், எதற்காக ஓட்டலாம்? நீண்டகாலப் பாவனையில் தெரியவருபவை

பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கார் கிடைக்கச் செய்யும் மோட்டபிலிட்டி திட்டம் 1977இல் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பிப் (PIP) கொடுப்பனவில் நடமாட்டத்துக்கான உயர் வீதமோ, அதன் முன்னோடியான, சிறுவர்களுக்கு இன்னும் கிடைக்கும் டி.எல்.ஏ.யில் (DLA) அதற்கு இணையானதோ கிடைப்பவர், அந்தப் பணத்தைக் கொடுத்து ஒரு புதுக் காரை மூன்று ஆண்டுக்கு லீஸில் எடுக்கலாம். சக்கரநாற்காலியோடு ஏறும் வண்டி என்றால் ஐந்து ஆண்டு. காப்புறுதி, சேர்விஸ், டயர், வழியில் நின்றால் ஆர்.ஏ.சி. உதவி, வீதி வரி விலக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். பணக் கணக்கில் பார்த்தால் இதைவிட நிம்மதியான ஏற்பாடு நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கிடைப்பது கடினம். சிக்கல் வருவது காரில் அல்ல, சாவியில். அந்தச் சாவியை வீட்டில் யார் யார் எடுக்கலாம் என்பதில்தான் ஆண்டுக்கணக்காகப் பாவிப்பவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கார் விஷயத்தில் ஒரு சட்டம் இல்லை, நான்கு தனித்தனி விதிகள் இருக்கின்றன. லீஸ் ஒப்பந்தம் கேட்பது, ஓட்டம் யாருடைய நன்மைக்கு என்பது. காப்புறுதி கேட்பது, ஸ்டியரிங்கில் இருப்பவரின் பெயர் பத்திரத்தில் உண்டா என்பது. மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அனுமதி அட்டையான புளூ பேட்ஜ் கேட்பது, பேட்ஜுக்கு உரியவர் அந்தப் பயணத்தில் இருக்கிறாரா என்பது. வீதி வரி விலக்கு கேட்பது, வண்டி அவருடைய தேவைக்குத்தான் பாவிக்கப்படுகிறதா என்பது. ஒன்றில் தேறியவர் மற்றதில் தோற்கலாம். அப்பாவுக்கு நெஞ்சு வலி, பெயர் போடாத மகள் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார் என்று வையுங்கள். நோக்கம் நூறு வீதம் சரி. காப்புறுதி சுத்தமாக இல்லை. அந்த நேரத்தில் 999 என்ற அவசர எண்ணை அழைப்பதுதான் வழி.

மாற்றுத்திறனாளி ஒவ்வொரு பயணத்திலும் காருக்குள் இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அம்மா வீட்டில் படுத்திருக்க, மருமகள் போய் அவருடைய மருந்தை எடுத்துவரலாம், வீட்டுச் சாமான் வாங்கலாம், அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை ஸ்டேஷனில் இருந்து கூட்டிவரலாம். எல்லாம் அவருக்கான ஓட்டம்தான். வேலைக்குப் போய்வருவது கொஞ்சம் நுட்பமான இடம். திட்டம் அதை அடியோடு தடுக்கவில்லை. அதே வீட்டில் இருக்கும் மகன் காலையில் அம்மாவைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய், மாலையில் ஏற்றிவந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை கார் அவருடைய வேலைத்தளத்தில் நிற்க, அம்மா குடும்ப வைத்தியரிடம் வாடகைக் கார் பிடித்துப் போகிறார் என்றால், அந்தக் கார் அம்மாவின் கார் அல்ல. கேட்கவேண்டிய கேள்வி இவ்வளவுதான்: இன்று அவருக்குக் கார் தேவைப்பட்டால் அது கிடைக்குமா?

டாக்சி, சாப்பாடு டெலிவரி, பார்சல் ஓட்டம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவது ஆகியவற்றுக்கு இந்தக் காப்புறுதியில் இடமே இல்லை. வார இறுதியில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடினேன் என்றாலும் அதே கதைதான்.

இனிப் பெயர் போடும் விவகாரம். மூன்று சாரதிகள் வரை சேர்க்கலாம். மாற்றுத்திறனாளி ஓட்டத் தெரியாதவராக இருந்தால் பரவாயில்லை. டி.எல்.ஏ. நடமாட்ட உயர் வீதம் மூன்று வயதில் இருந்தே கிடைக்கும் என்பதால், குழந்தையின் பெயரில் எடுத்த காரைப் பெற்றோர் ஓட்டுவது சாதாரணம். சேர்ப்பதற்குச் சாரதியின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் இலக்கம், போக்குவரத்துக் குற்றத்துக்காக லைசென்ஸில் ஏறிய பெனால்டி புள்ளி விவரம் வேண்டும். சேர்க்கச் சொல்லவேண்டியவர் பயனாளி, அதாவது கொடுப்பனவு பெறும் மாற்றுத்திறனாளி. அல்லது அவர் சார்பில் கொடுப்பனவைக் கவனிக்கும் பொறுப்பாளர். சாரதி தானே போன் எடுத்துத் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது. போனில் ‘சரி’ என்று சொன்னதோடு நிறுத்தாமல், பெயர் ஏறிய புதுக் காப்புறுதிப் பத்திரம் கையில் வந்தபிறகு சாவியைக் கொடுப்பது புத்தி.

பெயர் போடுவதற்கு முன் அரசின் இணையத்தளத்தில் அவருடைய லைசென்ஸ் விவரத்தைத் திறந்து பாருங்கள். லைசென்ஸ் இலக்கம், நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், லைசென்ஸில் உள்ள போஸ்ட்கோட் ஆகிய மூன்றும் போதும். அங்கே எடுக்கும் பகிர்வுக் குறியீடு 21 நாள் செல்லும். இந்த ஐந்து நிமிட வேலையில் மூன்று பொதுவான கோளாறுகள் பிடிபடும். முதலாவது, வீடு மாறியும் லைசென்ஸில் பழைய முகவரியே கிடப்பது. அதற்கே 1,000 பவுண் வரை தண்டம் உண்டு. இரண்டாவது, போட்டோ லைசென்ஸின் பத்தாண்டு முடிந்திருப்பது. மூன்றாவதுதான் நம் வீடுகளில் அதிகம்: அம்மாவுக்கு அப்பாதான் சாரதி, அவருக்கு 70 ஆகிவிட்டது, லைசென்ஸ் அன்றோடு முடிந்துவிட்டது. 70க்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கக் கட்டணம் இல்லை, ஆனால் மறந்தால் வினை. சர்க்கரைக்கு இன்சுலின் போடத் தொடங்கியவர் அதை லைசென்ஸ் வழங்கும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏ.க்குச் சொல்லியாகவேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரமும் பார்க்கப்படும். கார் பயனாளியின் வீட்டில் நிற்கவேண்டியது. சாரதிகள் எல்லோரும் ஐந்து மைலுக்கு அப்பால் வசித்தால் கேள்வி வரும். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கருவி பொருத்தச் சொல்லலாம். அம்மா கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில், மகன் வடமேற்கு லண்டன் ஹரோவில், கார் ஒவ்வொரு இரவும் ஹரோவில் என்றால் அது ஒளிக்கக்கூடிய விஷயம் அல்ல. உண்மையான காரணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் பதில் வாங்கி வைப்பதுதான் நல்லது.

இளையவர்களுக்குக் கட்டுப்பாடு கூட. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பயனாளியின் அதே முகவரியில் வசிக்கவேண்டும், காரின் வலுவுக்கும் காப்புறுதிக் குழுவுக்கும் (காப்புறுதிச் செலவை வைத்துக் கார்களைப் பிரிக்கும் வகை) உச்சவரம்பு உண்டு. ஆகவே மகனுக்கு 18 ஆகப்போகிறது என்றால், காரைத் தெரிவு செய்யும் நாளிலேயே அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். பெரிய எஞ்சின் காரை எடுத்துவிட்டால் மூன்று ஆண்டுக்கு அவர் பெயரைப் போட முடியாமல் போகலாம். 30 வயதுக்குக் கீழ்ப்பட்ட சாரதிகளுக்கு ட்ரைவ்ஸ்மார்ட் என்ற செயலி வருகிறது. வேகம், பிரேக், திருப்பம், ஓட்டும்போது போனைத் தொடுவது எல்லாவற்றையும் அது புள்ளி போட்டுப் பார்க்கும். தொடர்ந்து மோசமாக ஓட்டினால் அவர் பெயர் நீக்கப்படும். பெற்றோருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். காப்புறுதி கட்டுப்படியாகும் விலையில் நிற்க இது தேவை என்பது என் எண்ணம்.

‘எனக்கு என் காரில் ஃபுல் காம்ப் (முழுக் காப்புறுதி) இருக்கிறது, யாருடைய காரும் ஓட்டலாம்’ என்று சொல்லும் மாமாமார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மற்றக் காரை ஓட்டும் வசதி எல்லாப் பாலிசியிலும் இருப்பதில்லை. இருந்தாலும் அது பெரும்பாலும் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். அதற்கும் மேலாக, லீஸ் ஒப்பந்தம் பெயர் உள்ளவரை மட்டுமே ஓட்ட அனுமதிக்கிறது. ஊரில் இருந்து வந்து நிற்கும் தம்பியின் கதையும் இதேதான். இலங்கை, இந்திய லைசென்ஸில் இங்கே 12 மாதம் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தக் காரின் பத்திரத்தில் பெயர் இல்லாதவரை அது காப்பாற்றாது.

காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், 6 புள்ளி, பொலிஸ் காரையே இழுத்துக்கொண்டு போகலாம். லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் லைசென்ஸே ரத்து. பலருக்குத் தெரியாதது இது: ஓட்டியவர் மேல் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவர் மேலும் குற்றம் சாட்டலாம். சாவியைக் கொடுத்த அம்மா வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாதவராக இருந்தாலும் சரி. அதற்கு மேல் லீஸ் முறிந்தால், கார் இல்லாமல் முடங்குவது அவர்தான். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

புளூ பேட்ஜ் காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அவரை ஏற்றவோ இறக்கவோ போகும்போது பாவிக்கலாம். அவர் வீட்டில் இருக்க, அவருக்கே மருந்து வாங்கப் போனாலும் பாவிக்கக்கூடாது. காரை அவருக்காக ஓட்டுவது சரி, பேட்ஜை வைப்பது பிழை என்பதை இந்த ஓர் உதாரணத்தில் பிடித்துக்கொள்ளலாம். பிடிபட்டால் 1,000 பவுண் வரை தண்டம். வைக்கும்போது சக்கரநாற்காலிச் சின்னம் மேலே, போட்டோ கீழே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேட்ஜோடு மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம்தான் நிறுத்தலாம் என்பதால், வந்து சேர்ந்த நேரத்தை மணிக்கூட்டு அட்டையில் திருப்பி அருகில் வைக்கவேண்டும். கிளம்பவேண்டிய நேரத்தைத் திருப்பி வைத்துத் தண்டச் சீட்டு வாங்குபவர்கள் நிறைய. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, சிட்டி ஒஃப் லண்டன், கெம்டனின் ஒரு பகுதி ஆகியவற்றில் தனி விதிகள். அங்கே போகுமுன் கவுன்சில் பக்கத்தைப் பாருங்கள். வீட்டைவிட்டு அவர் வராத நாளில் பேட்ஜை அவருடைய அலுமாரியிலேயே விடுவது நல்ல பழக்கம். காருக்குள் கிடந்தால் யாரோ ஒருவர் எடுத்து வைப்பார், திருட்டும் போகும்.

ஸ்பீட் கமரா கடிதங்கள் வரும் விதமும் தெரிந்திருக்கவேண்டும். லொக்புக் (வாகனப் பதிவுப் பத்திரம்) திட்டத்தை நடத்தும் நிறுவனமான மோட்டபிலிட்டி ஒப்பரேஷன்ஸிடம் இருப்பதால் கடிதம் முதலில் அங்கே போய்ச் சுற்றித்தான் உங்கள் வீட்டுக்கு வரும். குற்றம் நடந்து 14 நாளுக்குள் கடிதம் வரவேண்டும் என்ற கெடுவைக் காட்டி, கடந்து வந்ததால் செல்லாது என்று வாதாட முடியாது. அந்தக் கெடு முதல் கடிதத்துக்குத்தான். பதில் கொடுக்க 28 நாள். யார் ஓட்டியது என்று பயனாளி எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் அந்தக் குற்றத்துக்கே 6 புள்ளி. மூன்று பேர் ஓட்டும் வீட்டில் நான்கு வாரத்துக்கு முந்திய செவ்வாய் மாலை யார் ஓட்டியது என்று யாருக்கும் நினைவு இருக்காது. சாவி தொங்கும் இடத்தில் ஒரு சின்னக் கொப்பி, தேதி, நேரம், பெயர், போன காரணம், மைல் அளவு. ‘12ஆம் தேதி, மாலை 4 மணி, மருமகன், அம்மாவின் பிசியோ, 7 மைல்’ என்ற ஒரு வரி போதும். பாவனை பற்றி யாராவது புகார் கொடுத்து விசாரணை வந்தாலும் இதே கொப்பிதான் கைகொடுக்கும்.

நிலைமை மாறும் நேரங்கள் தனி. வளர்ந்தவர் ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் இருந்தால் கொடுப்பனவு நிற்கும், லீஸ் பணமும் அதிலிருந்துதான் போகிறது. ஆகவே மூன்றாம் வாரத்திலேயே போன் எடுங்கள். பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் நடமாட்டப் பகுதி தொடரும், காரும் தொடரலாம். ஆனால் அதற்குப் பிறகு ஓட்டம் எல்லாம் அவரைப் பார்க்கப் போவது, வெளியே கூட்டிப்போவது என்று அவரைச் சுற்றியே இருக்கவேண்டும். அவர் இறந்தால் லீஸ் முடிகிறது. பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காகக் காரை வைத்துக்கொள்ள முடியாது, உடனே அறிவிக்கவேண்டும்.

வயதான பெற்றோருக்காக யோசிப்பவர்கள் கவனிக்க: ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் புதிதாகப் பிப் கேட்க முடியாது. அவர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்புக் கொடுப்பனவான அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பகுதியே இல்லை, அதைக் கொண்டு மோட்டபிலிட்டி கார் எடுக்கவும் முடியாது. அந்த வயதுக்கு முன்பே பிப் கிடைத்தவருக்குத் தொடரும். நடக்கச் சிரமப்படும் 64 வயது அப்பா ‘பிறகு பார்ப்போம்’ என்று சொன்னால், இப்போதே விண்ணப்பிக்க வையுங்கள்.